தாத்தா பரண்ல இருந்த டிரங்க் பொட்டி, உள்ள பூரா ஒரு யூத டாக்டரம்மாவோட கடுதாசிங்க. இத எப்பிடி காப்பாத்தறது, யார்கிட்ட குடுக்கறது?

காப்பிச்செடி:

வணக்கமுங்க எல்லாருக்கும். இத இங்க கேக்கலாமான்னு தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க. எங்க அம்மா வழி தாத்தா ஏற்காட்டுல நாகலூர் போற பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவுல சமையக்காரரா இருந்தவரு. பின்னாடி அவரு சொந்தமா கட்டுன ஓட்டு வீட்ட போன மாசம் ஓடு பிரிச்சு மாத்தறதுக்காக பரண காலி பண்ணோம், அப்ப ஒரு தகர டிரங்க் பொட்டி எறங்குச்சு. பூட்டு இல்ல, கயிறு போட்டு கட்டியிருந்துச்சு. அம்மா பாத்த ஒடனே "இது டாக்டரம்மா பொட்டியாச்சே, அப்பா யாரையும் தொட விடமாட்டாரே"ன்னுச்சு.

விஷயம் என்னன்னா 1939ல ஜெர்மனில இருந்து ஒரு டாக்டரம்மா, யூதக்காரங்க, தனி ஆளா வந்து அந்த எஸ்டேட்ல ஆளுங்களுக்கு வைத்தியம் பாத்துட்டு ஒம்போது வருஷம் இருந்திருக்காங்க. எங்கம்மா பொறந்தப்ப பிரசவம் பாத்ததே அவங்கதானாம். 1948ல கப்பல் ஏறப் போறப்ப இந்தப் பொட்டிய தாத்தா கைல குடுத்து, போய் சேந்ததும் விலாசம் எழுதறேன் அனுப்பி வெய்யின்னு சொல்லிட்டு போனாங்களாம். விலாசம் வரவே இல்ல. தாத்தா வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப பொட்டிய எறக்கி தொடச்சு திரும்ப ஏத்தி வெப்பாராம், 87ல தவறுற வரைக்கும் தெறந்ததில்லையாம். அம்மாவுக்கு அப்ப ஆறு வயசு, அந்தம்மா கண்ணாடி போட்டிருப்பாங்க, தமிழ் பேசுனா சிரிப்பா இருக்கும், தாத்தா அதே மாதிரி பேசிக் காட்டுவாருன்னு மட்டும் சொல்லுது.

உள்ள என்ன இருக்குன்னா, சேலைக் கரையக் கிழிச்சு கட்டுன கடுதாசி கட்டு, ஒரு அறுபது எழுபது இருக்கும். கழுகு படம் போட்ட பாஸ்போர்ட், மொத பக்கத்துல செவப்புல பெருசா ஜே எழுத்து. டாக்டர் சர்டிபிகேட். கறுப்பு அட்டை போட்டோ ஆல்பம். சேலம் போலீஸ் சீல் குத்துன ஒரு சின்ன புக்கு, வெளியூர் போக வர பர்மிஷன் வாங்குன தேதியெல்லாம் இருக்கு. வேற பாஷைல ஒரு சாமி புக்கு. நோயாளிங்க பேரு எழுதுன ஒரு நோட்டு. அப்புறம் ஒரு ஒல்லி நோட்டு, அதுல வார்த்த வார்த்தையா எழுதி பாதி கிறுக்கலா இருக்கு, பிள்ளைங்க எழுதிப் பழகுன மாதிரி, அது தேவையில்லைன்னு நெனைக்கிறேன்.

எனக்கு கொழப்பம் என்னன்னா பாஸ்போர்ட்ல பேருக்கு நடுவுல சாரான்னு இருக்கு, கடுதாசி கவர்ல எங்க தேடியும் சாரா இல்ல, அப்ப ரெண்டு பேரு சாமான் கலந்து கெடக்கா? கவர்ல ஊரு ப்ரெஸ்லாவ்னு போட்டிருக்கு, ஜெர்மனி மேப்ல அப்பிடி ஊரே காணோம். கடுதாசிய படிக்கலாம்னு போன்ல போட்டோ எடுத்து டிரான்ஸ்லேட்ல போட்டா ஒரு எழுத்தும் புடிபடல, எல்லாம் வேலிக்கம்பி மாதிரி கூரா மேலயும் கீழயும் போகுது. மலை மேல ஈரம் உங்களுக்கு தெரியும், பாதி பேப்பர்ல பூசணம், கொஞ்சம் வெள்ளிப்பூச்சி அரிச்சிருக்கு. என் தம்பி வேற ஸ்டாம்ப் மட்டும் வெட்டி குடுத்தா நல்ல வெலைக்கு எடுத்துக்க ஒருத்தர் இருக்காருங்கறான். எனக்கு மனசு ஒப்பல. தாத்தா கிட்ட நம்பி குடுத்தது. என்ன பண்ணலாம் சொல்லுங்க.

கடைவீதி_ராசா:

அக்கா ரொம்ப யோசிக்காதீங்க. செவ்வாப்பேட்டைல லேமினேஷன் கடை நாலு இருக்கு, எல்லாத்தையும் லேமினேட் போட்டுட்டா பூச்சியும் வராது தண்ணியும் எறங்காது, எங்க வீட்டு பத்திரம் பட்டா எல்லாம் அப்பிடித்தான் வெச்சிருக்கேன். ஸ்டாம்ப் வித்தா ஓடு மாத்தற செலவாச்சும் வரும். கிறுக்கல் நோட்டெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு.

ராமபாணம்:

ராசா தம்பி, உங்க பத்திரத்துக்கே நான் இப்ப அழுவறேன்.

காப்பிச்செடி அம்மா, நான் சென்னைல ஒரு நூலகத்துல ஏடு பேப்பர் பாதுகாக்கற பிரிவுல முப்பது வருஷம் இருந்துட்டு இப்ப கன்னங்குறிச்சில வந்து ஒக்காந்திருக்கவன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

மொதல்ல செய்யக்கூடாதது. லேமினேட் கூடவே கூடாது. சூடு வெச்சு பிளாஸ்டிக்க ஒட்டிட்டா திரும்ப பிரிக்கவே முடியாது, உள்ள இருக்கற ஈரமும் பேப்பர்ல இருக்கற அமிலமும் உள்ளயே நின்னு பேப்பர தின்னும். செல்லோ டேப் ஒட்டாதீங்க, பத்து வருஷத்துல டேப் உதுந்து போகும் பசை மட்டும் மஞ்சளா எழுத்துக்குள்ள எறங்கி நிக்கும். வெயில்ல காய வெக்காதீங்க, மசி வெளுத்துரும். அந்துருண்டை போட்டு பொட்டிய மூடாதீங்க, அந்த நெடி நமக்கும் ஆவாது போட்டோவுக்கும் ஆவாது. தாத்தா பொட்டிய தெறக்காம தொடச்சு தொடச்சு வெச்சாரு பாருங்க, அவரு தெரிஞ்சு செஞ்சாரோ தெரியாம செஞ்சாரோ, பாதி பொழைச்சதுக்கு அதான் காரணம்.

இப்ப செய்ய வேண்டியது. பொட்டிய மலைல இருந்து கீழ எறக்கிருங்க. சேலம் வெக்கை மனுசனுக்குத்தான் கஷ்டம், பேப்பருக்கு ஏற்காட்டு பனிய விட தேவல. ஃபேன் மெல்ல ஓடற நெழலான ரூம்ல வெள்ளைத் துணி விரிச்சு ரெண்டு மூணு நாள் ஆற விடுங்க. பூசணம் நல்லா காஞ்சு பொடியானப்புறம், ஈரமா இருக்கறப்ப தொடவே தொடாதீங்க இழுவிக்கும், மாஸ்க் போட்டுட்டு திண்ணைல வெச்சு பெயின்ட் அடிக்கற மெத்து பிரஷ்ல ஒரே பக்கமா தள்ளி விடுங்க. துருப்புடிச்ச குண்டூசி, கிளிப் இருந்தா இழுக்காம, அடில ஒரு துண்டு பிளாஸ்டிக் சீட்டு சொருகி மெதுவா கழட்டணும். ஆல்பத்துல இருந்து போட்டோவ உரிக்காதீங்க, ஆல்பத்தோட பக்கம் பக்கமா எடுங்க, எந்த போட்டோவுக்கு பக்கத்துல எது இருக்குங்கறதே ஒரு சேதிதான். அமிலம் இல்லாத பேப்பர் கவர்னு கேட்டா கெடைக்கும், கெடைக்கற வரைக்கும் வெள்ளை பருத்தித் துணில சுத்தி வெச்சாலும் தப்பில்ல.

இதெல்லாத்தையும் விட முக்கியம், வரிசைய கலைக்காதீங்க. தேதி வாரியா அடுக்கலாம்னு கை பரபரங்கும், வேணாம். அந்தம்மா எத எது மேல வெச்சு எந்த துணில கட்டுனாங்களோ அப்பிடியே இருக்கணும், அந்த சேலைக் கரையும் சேத்துதான். ஏற்கனவே பிரிச்சு பரப்பிட்டீங்கன்னா போனது போச்சு, எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கற வரைக்கும் ஒரு தாள்ல எழுதி வெச்சுருங்க. நம்பர் போடறதா இருந்தா கவர் மேல பென்சில்ல போடுங்க, கடுதாசி மேல பேனா படவே கூடாது.

ஸ்கேன் பண்றப்ப கடுதாசிக்கு 400 டிபிஐ, போட்டோவுக்கு 600, டிஃப் ஃபைலா ஒரு காப்பி வெச்சுக்கங்க. ரெண்டு பக்கமும் எடுக்கணும், வெத்துப் பக்கத்தையும் எடுக்கணும், கவரையும் எடுக்கணும். உங்க தம்பி கிட்ட சொல்லுங்க, ஸ்டாம்ப் வெட்டுனா கூடவே தபால் சீலும் தேதியும் ஊரும் போயிரும், அப்புறம் உள்ள இருக்கற கடுதாசி அனாதை. சந்தேகம்னா சென்னை தரமணில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, 1994ல இருந்து பழைய பேப்பரோடயே குடும்பம் நடத்தறவங்க, போய் கேளுங்க.

பனிக்காட்டான்:

நான் ஆத்தூர்க்காரன், பதினாறு வருஷமா ஜெர்மனில இருக்கேன். அக்கா, நீங்க சாரான்னு எழுதுனத பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. பொட்டில ரெண்டு பேரு இல்ல, ஒருத்தர்தான். 1938ல நாஜி அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு, பேரப் பாத்தா யூதர்னு தெரியாத யூதருங்க எல்லாரும் 1939 ஜனவரி 1ல இருந்து கூட ஒரு பேர சேத்துக்கணும், ஆம்பளைன்னா இஸ்ரேல், பொம்பளைன்னா சாரா. எல்லா பொம்பளைக்கும் ஒரே சாரா. செவப்பு ஜே சீல் 1938 அக்டோபர்ல வந்தது, யூடேங்கற வார்த்தையோட மொத எழுத்து. கவர்ல அவங்க பேர எழுதறப்ப சாரா போடலைன்னா காரணம் அதுதான், அது அவங்க பேரே இல்ல.

டாக்டர் சர்டிபிகேட்டும் அந்த கதைதான். 1938 செப்டம்பர் 30ஓட யூத டாக்டருங்க எல்லாரோட லைசென்சும் ரத்து. போறவங்க பத்து மார்க்குக்கு மேல பணம் எடுத்துட்டு போக முடியாது. அந்த சர்டிபிகேட்ட மடிச்சு எடுத்துட்டு அந்தம்மா சேர்வராயன் மலை ஏறியிருக்காங்க.

ப்ரெஸ்லாவ் மேப்ல ஏன் இல்லைன்னா அது இப்ப போலந்துல இருக்கு, 1945க்கு அப்புறம் பேரு வ்ரோட்ஸ்வாஃப். ஒரு காலத்துல பெர்லின், ஃப்ராங்க்ஃபுர்ட்டுக்கு அடுத்து யூதருங்க அதிகமா இருந்த ஊரு. எழுத்து புடிபடலைங்கறதுல ஆச்சரியமே இல்ல, அது குரண்ட்னு சொல்ற பழைய ஜெர்மன் கையெழுத்து, 1941ல ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறத நிறுத்திட்டாங்க. என் கூட வேலை பாக்கற ஜெர்மன் பையன் கிட்ட அவன் பாட்டியோட கடுதாசிய குடுத்தா அவனே முழிக்கறான். ட்ரான்ஸ்க்ரிபுஸ்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, பழைய கையெழுத்து படிக்கறதுக்குன்னே செஞ்சது, நல்லா ஸ்கேன் பண்ணி போட்டீங்கன்னா முக்காவாசி வந்துரும்.

கடுதாசிங்க எந்த தேதியோட நிக்குதுன்னு பாத்தீங்களா? சும்மா கேக்கறேன்.

காப்பிச்செடி:

அண்ணா ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. கவர் சீல வெச்சு பாத்தேன், எல்லாம் 1939 ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான், வாரத்துக்கு மூணு நாலு கூட வந்திருக்கு. அதுக்கப்புறம் சைனா ஸ்டாம்ப் ஒட்டுன ஒண்ணு, ஊரு ஷாங்காய், கவர் ஓரத்துல வெட்டி திரும்ப ஒட்டுன மாதிரி லேபிள் இருக்கு. அது போக அடில தனியா ஒரு பாரம், செஞ்சிலுவை போட்டது. முன்னாடி டைப் அடிச்சிருக்கு, பின்னாடி அச்சு மாதிரி தனித்தனி எழுத்துல ரெண்டு வரி, தேதி 1941 நவம்பர் 4. டிரான்ஸ்லேட்ல போட்டா "நலம். வீடு மாறக்கூடும். புது விலாசம் எழுதுகிறோம். கவலைப்படாதே" அப்பிடின்னு வருது.

பனிக்காட்டான்:

1939 செப்டம்பர் 3 யுத்தம் ஆரம்பிச்சதும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் நடுவுல நேர் தபால் நின்னு போச்சு. அப்புறம் பெரும்பாலும் இருந்த வழி இந்த பாரம்தான், 25 வார்த்தைக்கு மேல எழுதக்கூடாது, குடும்ப சேதி மட்டும், ஜெனீவா வழியா சுத்தி மாசக்கணக்குல வரும். முன்பக்கம் இங்க இருந்து கேள்வி, அதே தாளோட பின்பக்கம் அங்க இருந்து பதில். ஷாங்காய்க்கு போக அப்ப விசா தேவைப்படல, அதனால ஆயிரக்கணக்குல அங்க போனாங்க, அது அண்ணனோ தம்பியோவா இருக்கலாம். வெட்டி ஒட்டுன லேபிள் யுத்த காலத்து சென்சார் பிரிச்சுப் பாத்தது. ஸ்டாம்ப்காரர் கிட்ட அது போச்சுன்னா இந்தக் கதையே போச்சு. போலீஸ் புக்கும் அதே கணக்குதான், ஹிட்லர்கிட்ட இருந்து தப்பிச்சு வந்தவங்களையே பிரிட்டிஷ்காரன் ஜெர்மன்காரன்னு எதிரி நாட்டு ஆளா எழுதி வெச்சான், ஆம்பளைங்கள அகமத்நகர்ல கொண்டு போய் அடைச்சான்.

தேதிய பத்தி சொல்றேன், மனச தேத்திக்குங்க. 1941 நவம்பர் 25ல ப்ரெஸ்லாவ்ல இருந்து யூதருங்கள ஏத்திகிட்டு மொத ரயில் கெளம்புச்சு, ஆயிரம் பேரு வரைக்கும், லித்துவேனியாவுல கௌனாஸ்ங்கற ஊருக்கு. 29ஆம் தேதி ஒன்பதாம் கோட்டைன்னு ஒரு எடத்துல, வியன்னாவுல இருந்து வந்தவங்களோட சேத்து 2,000 பேர சுட்டுட்டாங்க. இந்த பாரத்துல பதில் எழுதுனவங்க அதுல இருந்தாங்களான்னு நான் சொல்ல முடியாது, ஆனா பாத்துக்கலாம். ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகம் கெடென்க்பூக்னு நினைவுப் புத்தகம் ஒண்ணு இணையத்துல வெச்சிருக்கு, பேரும் பொறந்த ஊரும் போட்டா போதும். நாஜி கிட்ட மாட்டுனவங்கள பத்தின ஆவணம் வெக்கற அரோல்சென் ஆவணக் காப்பகத்துல மூணு கோடி தாள் கிட்ட இருக்கு, 2013ல யுனெஸ்கோ நினைவகப் பட்டியல்ல சேத்தது, உறவுக்காரங்கள தேடித் தரச் சொல்லி எழுதுனா காசு வாங்காம தேடுவாங்க. எருசலேம்ல யாத் வஷேம்னு நாஜி கொன்ன யூதருங்களுக்கான நினைவகத்துல 50 லட்சம் பேரு கிட்ட பேரு பதிஞ்சு வெச்சிருக்காங்க, அதுல நெறைய பேருக்கு சாட்சிப் பக்கம்னு ஒரு பாரம், யார் நிரப்புனாங்கன்னும் இருக்கும். ஷாங்காய் ஆளோட பிள்ளைங்க அமெரிக்காவுலயோ ஆஸ்திரேலியாவுலயோ இருந்து தன் பாட்டிக்கு பாரம் நிரப்பி இருந்தா அங்கயே வாரிசு சிக்கிரும்.

குடுக்கறதுன்னு வந்தா ஜெர்மன் பேசற யூதக் குடும்பங்களோட காகிதத்துக்குன்னே லியோ பேக் இன்ஸ்டிட்யூட் இருக்கு, 1955ல ஆரம்பிச்சது, நியூயார்க்ல காப்பகம், பெர்லின் யூத அருங்காட்சியகத்துல ஒரு கிளை. கடுதாசி, பாஸ்போர்ட், பள்ளிக்கூட ரிப்போர்ட், சமையல் குறிப்புன்னு குடும்பம் குடும்பமா பொட்டி கட்டி வெச்சு ஸ்கேன் பண்ணி எல்லாரும் பாக்கற மாதிரி போட்டிருக்காங்க.

வக்கீல்_குமாஸ்தா:

கூரியர்ல போட்டுறாதீங்க! எல்லாரும் நியூயார்க் பெர்லின்னு பேசறீங்க, இங்க 1972 சட்டம் ஒண்ணு இருக்கு, தொல்பொருள் சட்டம். செலைன்னா 100 வருஷம், ஆனா கையெழுத்துப் பிரதி, ஆவணம்னா சரித்திர மதிப்பு இருந்து 75 வருஷம் தாண்டுனாலே தொல்பொருள் கணக்குல வந்துரும், தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்பறது குத்தம். 1939 கடுதாசி 75 தாண்டி எப்பவோ ஆச்சு. அதனால மொதல்ல ஸ்கேன அனுப்புங்க, அதுக்கு யாரும் கேள்வி கேக்க முடியாது. அசல் அனுப்பணும்னா தொல்லியல் துறைல எழுதிக் கேட்டு, இது தொல்பொருள் இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு அப்புறம் செய்ங்க. எந்தக் காப்பகம் ஆனாலும் ஒப்பந்தம் ஒண்ணு போடுவாங்க, அதுல அசல் யாருது, யாரு பாக்கலாம், வாரிசு வந்தா என்னங்கறது எல்லாம் இருக்கான்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

இன்னொண்ணு, பொட்டி உங்க கைல இருக்கு ஆனா உங்களுது இல்ல. தாத்தா கிட்ட பாதுகாப்புக்கு குடுத்தது. அதனால தம்பி ஸ்டாம்ப விக்கறது சட்டப்படியும் சரியில்ல. வாரிச தேடுங்க, தேடுனதுக்கு மெயில் எல்லாத்தையும் ஒரு ஃபைல் போட்டு வெச்சுக்கங்க.

அந்த நோயாளி நோட்டு இருக்கே, அத மட்டும் பொதுவுல போட்டுறாதீங்க. 1940ல யாரு வீட்டு பொண்ணுக்கு என்ன நோவுன்னு எழுதியிருக்கும், ஏற்காடு சின்ன ஊரு, பேரனுங்க இன்னும் ஒண்டிக்கடைலதான் டீ குடிச்சுட்டு இருப்பாங்க. இத்தன வருஷம் யாரும் பாக்கக்கூடாதுன்னு காப்பகத்துல பூட்டி வெக்க வழி இருக்கு, கேளுங்க.

கடைவீதி_ராசா:

சரி சரி லேமினேட் வேணாம் ஒத்துக்கறேன். ஆனா கிறுக்கல் நோட்டு, பாரம், லேபிள், சேலைக் கரை எல்லாத்தையும் வெச்சு காப்பாத்தி என்ன பண்றது, முக்கியமான நாலு கடுதாசிய வெச்சா பத்தாதா? கோவிச்சுக்காதீங்க, நெசமாவே கேக்கறேன்.

மட்டாஞ்சேரி_மருமக:

எது முக்கியம்னு யாரு சொல்றது தம்பி? நான் அம்மாபேட்டைல பொறந்து கொச்சிக்கு வாக்கப்பட்டவ, எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி 1568ல கட்டுன பரதேசி சினகாக், யூதருங்க கோவில். அங்க வழிகாட்டியா இருந்தவரு ஒருத்தர் கிட்ட கேட்டு கேட்டு தெரிஞ்சுகிட்டது இது. யூதருங்க சாமி பேரு எழுதுன தாள தூக்கிப் போட மாட்டாங்க, கெனிசான்னு ஒரு அறைல போட்டு வெச்சு அப்புறம் பொதைப்பாங்க. நம்ம ஊர்ல பழைய சுவடிய ஆடிப்பெருக்குல ஆத்துல விட்ட மாதிரின்னு வெச்சுக்கங்களேன். கெய்ரோவுல ஒரு கோவில்ல பொதைக்காம விட்டுட்டாங்க, ஆயிரம் வருஷ தாளு அப்பிடியே கெடந்துச்சு. 1896ல கேம்பிரிட்ஜ்ல இருந்து ஒரு வாத்தியார் போய் மூட்டை கட்டிட்டு வந்தாரு, அங்க மட்டும் 1,93,000 துண்டு இருக்கு. அதுல சாமி சமாச்சாரம் மட்டுமா இருந்துச்சு? கடை கணக்கு, கல்யாண ஒப்பந்தம், கடன் பாக்கி. பென் யிஜுன்னு ஒரு யாவாரி, 1132 வாக்குல மங்களூருக்கு வந்து பதினேழு வருஷம் மிளகு, பாக்கு, இரும்புன்னு ஏத்துமதி பண்ணி பித்தளைப் பட்டறையும் வெச்சிருந்தவரு, இங்க நம்ம பக்கத்து பொண்ணையே கட்டிகிட்டாரு. அவரு கணக்க எழுதுனது எங்கன்னா வந்த கடுதாசியோட வெத்து எடத்துல! அந்த வெத்து எடத்த யாராச்சும் வெட்டி எறிஞ்சிருந்தா அந்த ஆளே கெடையாது.

கொச்சிலயும் பாருங்க, யூத வீட்டு பொம்பளைங்க மலையாளத்துல கல்யாணப் பாட்டு எழுதி வெச்ச நோட்டுங்க இருந்துச்சு, ஆம்பளைங்க அத பெருசா நெனைக்கல. 1950கள்ல முக்காவாசி பேரு இஸ்ரேல் போனப்ப மூட்டைல எடுத்துட்டு போனதுதான் இன்னைக்கு எருசலேம்ல ஹீப்ரு யுனிவர்சிட்டி சிடி போடற அளவுக்கு வந்துச்சு.

அக்கா, அந்த சாமி புக்கு வலது பக்கத்துல இருந்து தொறக்கும், அட்டைய தலைகீழா புடிச்சு இழுத்துறாதீங்க, தரைல வெக்காதீங்க. மொத வெத்துப் பக்கத்துல பிள்ளைங்க பொறந்த தேதி, பெரியவங்க எறந்த தேதி எழுதற பழக்கம் இருக்கு, அங்க பாருங்க.

அப்புறம் அந்த ஒல்லி நோட்டு. வார்த்த வார்த்தையான்னு சொன்னீங்களே, பாதி கிறுக்கல்னா மீதி பாதி என்ன?

ராமபாணம்:

ராசா கேட்டது நல்ல கேள்விதான். வார்சாவுல யூதருங்கள நாஜி அடைச்சு வெச்ச கெட்டோங்கற பகுதிக்குள்ள ரிங்கல்ப்ளும்னு ஒரு சரித்திரக்காரரு கூட்டாளிங்கள சேத்துகிட்டு ரகசியமா காகிதம் சேத்தாரு. டைரி மட்டும் இல்ல, ரேஷன் கூப்பன், மிட்டாய் சுத்துன தாளு, ட்ராம் டிக்கெட்டு. 1942ல பத்து தகரப் பொட்டில போட்டு பொதைச்சாங்க, அப்புறம் ரெண்டு பால் கேன்ல. பொட்டிங்கள 1946 செப்டம்பர்ல தோண்டி எடுத்தாங்க, கேன 1950 டிசம்பர்ல. 35,000 பக்கம். எது முக்கியம்னு பின்னாடி வர்றவன் பாத்துக்கட்டும், நம்ம வேலை சேக்கறதுன்னு நெனச்சிருக்காங்க. உங்க தாத்தா பொட்டிக்குள்ளயும் தண்ணி எறங்கியிருந்தா... சரி விடுங்க.

ஒண்ணு மறந்துட்டேன் அம்மா. உங்க அம்மாவ ஒக்கார வெச்சு போன்ல பேச விட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. டாக்டரம்மா எந்த திண்ணைல ஒக்காந்தாங்க, என்ன சாப்பிட்டாங்க, தாத்தா என்ன சமைச்சாரு, எல்லாம். காப்பகத்துக்கு பொட்டிய குடுக்கறப்ப அந்த ரெக்கார்டும் சேத்து குடுங்க, உங்க தாத்தா பேரும் அதுல ஏறணும். தெறக்காம 39 வருஷம் வெச்சிருந்த ஆளு சும்மாவா.

காப்பிச்செடி:

மூணு வாரம் ஆச்சு, பதில் போடாததுக்கு மன்னிக்கணும், ஓடு வேலை ஒரு பக்கம், ஸ்கேன் ஒரு பக்கம். தாத்தா வெச்சிருந்தது 39 வருஷமேதாங்க அண்ணா, 87ல தவறுனாரு, கணக்கு போட்டுட்டீங்க போல.

சாமி புக்குல மருமக அக்கா சொன்ன எடத்துலயே இருந்துச்சு, நாலு தலைமுறைக்கு பேரும் தேதியும். அத வெச்சு நினைவுப் புத்தகத்துல போட்டேன். வந்துருச்சு. டாக்டரம்மாவோட அம்மா, பொறந்தது 1879, ப்ரெஸ்லாவ், அனுப்புன தேதி 25.11.1941, எடம் கௌனாஸ், 29.11.1941. பாரத்துல கவலைப்படாதேன்னு எழுதி மூணு வாரம். சீல் பாத்தா அந்த பாரம் இந்தியாவுக்கு வந்து சேந்ததே 1942 மே மாசம். ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்தேன், அப்புறம் தூங்கல. பேர இங்க போடல, வாரிசு யாருன்னு தெரியாம போடறது சரியில்லைன்னு பட்டுச்சு. அரோல்சென்னுக்கும் லியோ பேக்குக்கும் மெயில் போட்டிருக்கேன். குமாஸ்தா அண்ணா சொன்ன மாதிரி ஃபைல் ஒண்ணு ஆரம்பிச்சாச்சு. தம்பி கிட்ட கவர் சீலையும் தேதியையும் காட்டி வெவரம் சொன்னேன், ஒண்ணும் பேசல, அப்புறம் அவனே போய் வெள்ளைத் துணி நாலு மீட்டர் வாங்கிட்டு வந்தான்.

இப்ப ஒல்லி நோட்டு. நாந்தாங்க முட்டாள். ஒவ்வொரு வரிலயும் எடப்பக்கம் இங்கிலீஷ் மாதிரி தெளிவா ஒரு வார்த்த, வலப்பக்கம் அந்த வேலிக்கம்பி கிறுக்கல். பனிக்காட்டான் அண்ணனுக்கு தனியா ஒரு பக்கம் அனுப்புனேன். அந்தக் காலத்து ஜெர்மன்காரங்க தன் பாஷைய குரண்ட்ல எழுதுவாங்களாம், வேத்து பாஷை வார்த்த வந்தா மட்டும் லத்தீன் எழுத்துல எழுதுவாங்களாம். அப்ப எனக்கு படிக்க வர்ற பாதி எது? டபிள்யூவ வன்னு படிங்க, வாய் விட்டு படிங்கன்னாரு. படிச்சேன். தன்னி. அடுப்பு. காச்சல். வயிர்ரு வலி. மூச்ச இலுத்து விடு. எல்லாம் தமிழ்! எங்க மலை ஆளுங்க கிட்ட கேட்டு கேட்டு, காதுல விழுந்தபடி.

மூணாவது பக்கத்துல மேல "டபால் வன்டாச்சா". அத படிச்சதும் எனக்கு கை நடுங்கிருச்சு. எங்க வீட்ல வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கேட்டு சத்தம் கேட்டா, காலிங்பெல் அடிச்சா, யாராச்சும் ஒருத்தர் "டபால் வன்டாச்சா"ன்னு ராகம் போடுவோம், என் மகன் கூட சொல்வான், கொரியர்காரன் வந்தா. எந்தக் கொழந்தையோ மழலைல சொன்னது ஒட்டிகிச்சுன்னு நெனச்சிருந்தோம். அம்மாவ ரெக்கார்ட் பண்ண ஒக்காந்தப்ப நோட்ட காட்டாம கேட்டேன், அது யாரு மொதல்ல சொன்னதும்மான்னு. "அது டாக்டரம்மால்ல, தெனம் பதினோரு மணிக்கு வாசல்ல வந்து நின்னு அப்பாவ கேக்கும். அப்பாவும் தெனம் ஒரே பதில்தான் சொல்வாரு"ன்னுச்சு.

நோட்டுல அதுக்கு அடுத்த வரிய அப்பதான் பாத்தேன். "நாலைக்கு வரும் அம்மா".